முக்கொம்பு மேலணை: காவிரியும் கொள்ளிடமும் மணலைப் பங்கிட்டுக்கொண்ட வரலாறு – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் களம்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டரில், முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். தெற்கே செல்லும் கிளை காவிரி என்ற பெயரையே தொடர்ந்து தாங்குகிறது. இரண்டுக்கும் நடுவே திருவரங்கத் தீவு கிடக்கிறது. தீவின் கிழக்கு முனையில், கல்லணைக்கு அருகே, இரு கிளைகளும் மறுபடி நெருங்கிவருகின்றன. அங்கே காவிரியின் படுகை மேட்டிலும் கொள்ளிடத்தின் படுகை பள்ளத்திலும் இருப்பதால், காவிரி நீர் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்தில் இறங்கி ஓடிவிடும் வாய்ப்பு எப்போதும் இருந்தது. கரிகாலன் காலத்ததாக மரபு சொல்லும் கல்லணை அந்த வழியை மறிப்பதற்காக எழுந்தது. கொள்ளிடம் என்ற பெயரே மிகுதி நீரைக் கொள்ளும் இடம் என்று விளக்கப்படுகிறது. பெருவெள்ளத்தை வாங்கிக்கொண்டு கடலில் சேர்ப்பது அதன் வேலையாகவும், தஞ்சைக் கழனிகளுக்குப் பாய்வது காவிரியின் வேலையாகவும் பல நூற்றாண்டுகளாக மக்கள் வகுத்துக்கொண்டிருந்தார்கள்.

இவ்வாய்வு, அந்த வேலைப் பிரிவினையை நிலைநிறுத்த 1800-களின் தொடக்கம் முதல் 2022 வரை எடுக்கப்பட்ட முடிவுகளையும், ஒவ்வொரு முடிவுக்கும் ஆற்று மணல் காட்டிய எதிர்வினையையும் காலவரிசையில் பதிவு செய்கிறது. இதில் வரும் மிராசுதாரர்கள், உழவர்கள், மதகுகளை இயக்கிய பணியாளர்கள், பொறியாளர்களில் பெரும்பாலோர் பெயர் குறிக்கப்படாதவர்கள்.

பிரிவு முனையில் மணல் செய்யும் வேலை

நீரைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் கனஅடிக் கணக்கிலேயே நின்றுவிடுகிறோம். குடகுமலையில் பிறந்து சுமார் 800 கிலோமீட்டர் ஓடும் காவிரி, 81,155 சதுர கிலோமீட்டர் வடிநிலத்திலிருந்து நீரை மட்டும் திரட்டி வருவதில்லை. பாறை சிதைந்து உண்டான மணலையும், அதைவிட நுண்ணிய வண்டலையும் சேர்த்தே கொண்டுவருகிறது. வண்டல் நீரோடு கலந்து மிதந்து செல்லும். பருமணலோ படுகையை ஒட்டி உருண்டும் துள்ளியும் நகரும். ஆகவே ஓர் ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் நீர் பிரியும் விகிதமும் மணல் பிரியும் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மணலை நகர்த்தும் ஆற்றல், ஓடும் நீரின் அளவையும் படுகையின் சரிவையும் பொறுத்தது. முக்கொம்பிலிருந்து கடலை நோக்கி நேராகவும் சரிவாகவும் இறங்கும் கொள்ளிடத்துக்கு அந்த ஆற்றல் மிகுதி. சரிவு குறைந்த காவிரிக்குள் நுழையும் மணலில் ஒரு பகுதி அதன் வாயிலேயே, அதாவது கிளை தொடங்கும் இடத்திலேயே, படிந்துவிடும். படிந்தால் வாய் மேடாகும். மேடானால் நீர் குறைவாக நுழையும். நீர் குறைந்தால் இன்னும் மணல் படியும். தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழற்சியில் ஒரு கிளை மெல்லத் தூர்ந்து, மறுகிளை முழு ஆறாக மாறுவது கழிமுகச் சமவெளிகளின் இயல்பு. சமவெளி இப்படித்தான் உருவாகிறது: ஆறு ஒரு வழியில் மணலைக் கொட்டி அதை மேடாக்கும், பின் பள்ளமான வழிக்கு மாறும், மாறிய வழியையும் ஒரு நாள் மேடாக்கும். தஞ்சைச் சமவெளியின் மண்ணும் இவ்வாறு வந்து சேர்ந்ததே. ஆனால் மனிதர் ஊரும் வாய்க்காலும் வயலும் கட்டிக் குடியமர்ந்த பின், ஆறு வழி மாறுவதை ஏற்றுக்கொள்ள இயலாது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கவனிக்கப்பட்டவை: 1799 முதல் 1830 வரை

1799-இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. நிலவரி பாசனத்தைச் சார்ந்திருந்ததால், காவிரியில் நீர் குறைவதைப் புதிய ஆட்சியாளர்கள் விரைவில் உணர்ந்தார்கள். உழவர்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். காவிரியின் தலைப்பில் சேரும் மணலை அள்ளுவதும், தழையும் மணலும் கொண்டு கொரம்பு என்னும் தற்காலிகத் தடுப்பைப் போட்டு நீரைத் திருப்புவதும் கோடைதோறும் செய்தாக வேண்டிய வேலைகளாக இருந்தன. அடுத்த வெள்ளம் கொரம்பை அடித்துச் செல்லும். மணல் மீண்டும் வந்து படியும்.

1804-இல் இதை ஆராய அனுப்பப்பட்ட கேப்டன் கால்டுவெல் என்ற படைப் பொறியாளர், நீரில் பெரும்பகுதி கொள்ளிடத்துக்குப் போய்விடுவதைக் கண்டார். அவர் பரிந்துரைப்படி கல்லணை சுமார் 69 சென்டிமீட்டர் உயர்த்தப்பட்டது. கல்லணை வழியாகக் கொள்ளிடத்தில் விழும் நீரைக் குறைப்பதற்கு இது பொருத்தமான வழியாகவே தோன்றியிருக்கும். ஆனால் அணையின் உயரம் நீரை நிறுத்துவதைப் போலவே மணலையும் நிறுத்தும். முன்பு வெள்ளத்தோடு அணையைத் தாண்டிக் கொள்ளிடத்தில் விழுந்த மணல், இப்போது அணைக்கு மேற்புறம் தங்கும். அங்கே படுகை உயர்ந்தால் அதன் தாக்கம் மேல்நோக்கி நகர்ந்து முக்கொம்பு வரை செல்லும். கல்லணையில் நீரைப் பிடிக்கச் செய்த ஏற்பாடு, காவிரியின் வாயில் நீரை இழக்கச் செய்யும் ஏற்பாடாகவும் ஆகிவிடக்கூடும்.

மணலைத் தனியாக வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணம் அடுத்த கட்டத்தில் உருப்பெற்றது. சிம் என்ற பொறியாளர், கல்லணையில் தாழ்மட்ட மதகுகள் அமைத்து, மணலைக் கொள்ளிடத்துக்குள் தள்ளிவிட யோசனை சொன்னார். நீரை நிறுத்துவதும் மணலைக் கடத்துவதும் இரு வேறு வேலைகள் என்பதை ஏற்றுக்கொண்ட முடிவு இது. இந்த வரலாற்றில் இதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. எனினும் மணற்போக்கி மதகுகள் கல்லணைக்கு அருகே உள்ள மணலையே நகர்த்தும். பல கிலோமீட்டர் மேற்கே, பிரிவு முனையில் நடப்பதை அவற்றால் மாற்ற முடியாது.

1836: மேலணை கட்டும் முடிவு

ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் நோயின் மூலத்துக்கே போனார். கொள்ளிடத்தின் வாயில், முக்கொம்பிலேயே, குறுக்காக ஒரு தாழ்வான அணை கட்டினால், அங்கே நீர்மட்டம் உயர்ந்து காவிரிக்குள் போதுமான நீர் நுழையும். மிகுதி வெள்ளம் அணையின் மேல் வழிந்து கொள்ளிடத்தில் போகும். அணையிலேயே மதகுகள் வைத்தால் மணலும் கீழே இறங்கும். இதுவே அவரது திட்டம். 1836-இல் மேலணையின் வேலை தொடங்கியது. அதே காலத்தில், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரை என்னும் ஊரில் கீழணையும் எழுந்தது. மேலணையால் கொள்ளிடத்துக்கு நீர் குறையும்போது, அதை நம்பியிருந்த வடகரை நிலங்களும் வீராணம் ஏரியும் வாடக்கூடாது என்பது கீழணையின் நோக்கம்.

இம்முடிவில் பாராட்டத்தக்க இரண்டு கூறுகள் உள்ளன. ஒரு கிளைக்குக் கூடுதலாகக் கொடுக்கும்போது மறுகிளையின் இழப்பையும் கணக்கில் எடுத்தது ஒன்று. மணலின் மேல் அடித்தளம் போட்டது மற்றொன்று. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் நிறுத்தும் முறையைக் கல்லணையைக் கட்டிய பழம் தச்சர்களிடமிருந்தே கற்றதாகக் காட்டனே பிற்காலத்தில் எழுதினார். பாறை தேடித் தோண்டாமல், கல்லை மணலில் அமிழவிட்டு, அமிழ்ந்த கல்லின் மேல் கல் அடுக்கிய அந்த அறிவு பெயரற்ற மனிதர்களுடையது.

தொடர்ந்தது என்ன

மேலணை எதிர்பார்த்த பலனைத் தந்தது, பின் எதிர்பார்த்ததைத் தாண்டியும் சென்றது. காவிரிக்குள் கூடுதல் நீர் நுழைந்ததும், அதுவரை மணலைப் படியவிட்டுக்கொண்டிருந்த கிளைக்கு மணலை அள்ளிச் செல்லும் ஆற்றல் வந்துவிட்டது. முன்பு சொன்ன சுழற்சி எதிர்த்திசையில் சுழலத் தொடங்கியது. காவிரியின் வாய் ஆழமானது. ஆழமானதால் இன்னும் நீர் நுழைந்தது. கொள்ளிடத்தின் வாயிலோ அணைக்கு முன்னால் மணல் சேர்ந்தது. இதை அப்படியே விட்டிருந்தால், பெருவெள்ளத்தை ஏற்கும் வேலை கொள்ளிடத்திலிருந்து நழுவிக் காவிரியின் தலையில் விழுந்திருக்கும். வெள்ளத்தைத் தாங்கும் அகலமோ கரையோ காவிரிக்கு இல்லை. அதன் இருமருங்கிலும் இருப்பவை ஊர்களும் கழனிகளும்.

எனவே 1840-களில் திருத்தங்கள் செய்யப்பட்டன. மேலணையின் ஒரு பகுதி தாழ்த்தப்பட்டது. காவிரியின் வாயிலும் குறுக்குச் சுவர் போட்டு, படுகை மேலும் ஆழமாகாதபடி தடுத்தார்கள். பிற்காலத்தில் கதவுகள் பொருத்தப்பட்டு, முக்கொம்பு ஒரு முழுமையான பங்கீட்டு நிலையமாக மாறியது: காவிரியில் 41 கண்கள் (கதவு பொருத்திய திறப்புகள்), தென் கொள்ளிடம் எனப்படும் மேலணையின் தென்பகுதியில் 45 கண்கள், வட கொள்ளிடம் எனப்படும் அதன் வடபகுதியில் 10 கண்கள். எந்தக் கதவை எவ்வளவு நேரம் தூக்கினால் மணல் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது அங்கே பணியாற்றிய லஸ்கர்களின் (கதவுகளை இயக்கும் பணியாளர்களின்) கைப்பழக்கத்தில் இருந்த அறிவு. அந்த அறிவு முறையாக எழுதி வைக்கப்பட்டிருந்தால் இன்றைக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் தேடிய சமநிலை ஒருவாறு கிடைத்தது. ஆனால் ஒரு முன்நிபந்தனையின் பேரிலேயே அது கிடைத்தது: மேலிருந்து ஆண்டுதோறும் மணல் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மேட்டூருக்குப் பின்: மணல் நின்றுபோன ஆறு

1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை, 120 அடி உயரத்துக்கு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி) நீரைத் தேக்கக்கூடியது. அதற்கு மேலே கிருஷ்ணராஜ சாகரும், பின்னர் கபினி, ஏமாவதி, ஆரங்கி அணைகளும் வந்தன. மேட்டூருக்குக் கீழே காவிரியில் சேரும் பவானியிலும் அமராவதியிலும் 1950-களில் அணைகள் எழுந்தன. தேங்கிய நீரில் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் மணல் முதலில் இறங்கும், வண்டல் பிறகு இறங்கும். மதகைத் திறந்தால் வெளிவருவது பெரும்பாலும் தெளிந்த நீர்.

தெளிந்த நீர் ஆற்றுக்கு நல்லது என்று தோன்றும். மணலைச் சுமக்கும் ஆற்றல் இருந்தும் சுமை இல்லாமல் வரும் நீர், அந்தச் சுமையைக் கீழேயுள்ள படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். பசித்த மாடு வரப்பு மேய்வதைப் போன்றது இது. கழிமுகத்துக்கு வந்து சேர வேண்டிய வண்டலும் குறைந்தது. முன்பு வெள்ளநீரே வயலுக்குக் கொண்டுவந்து போட்ட உரமண்ணை இன்று ஏரிகளில் வெட்டி வண்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கடலோரத்திலும் இதன் விளைவு உண்டு. ஆறு கொட்டும் மணல் குறைந்தால், அலை எடுத்துச் செல்வதை ஈடுசெய்ய ஒன்றும் மிஞ்சாது.

பின்னர் கட்டுமானத் தேவைக்காக ஆற்று மணல் பெருமளவில் அள்ளப்பட்டது. அகலமான மணற்படுகை கொண்ட கொள்ளிடம் இதில் முதன்மையான களமாக இருந்தது. மாட்டுவண்டியில் அள்ளிய காலத்தில் ஒரு பருவத்தில் எடுத்ததை அடுத்த வெள்ளம் ஓரளவு நிரப்பியிருக்கும். பொக்லைன் இறங்கிய பின் எடுப்பின் வேகம் மாறியது. நிரப்ப வேண்டிய மணலோ மேலே அணைகளுக்குள் கிடந்தது. வரவு அடைபட்ட பின் செலவைப் பெருக்கியதே இங்கு நடந்த அடிப்படைத் தவறு. பாலத் தூண்களின் அடித்தளம் வெளியே தெரியத் தொடங்கியதையும், கிணற்று நீர்மட்டம் கீழே போனதையும் கரையோர மக்கள் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். கொள்ளிடத்தின் முகப்பகுதியில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி நிலத்தடி நீரை உப்பாக்குவதாக எழுந்த முறையீடுகளே ஆதனூர்–குமாரமங்கலம் கதவணைக்கான கோரிக்கைக்கு வழிவகுத்தன.

2018 ஆகஸ்ட்

2018-இல் கர்நாடகத்திலும் கேரளத்திலும் பெய்த பெருமழையால் மேட்டூர் அணை நிரம்பியது. ஆகஸ்ட் நடுவில் அங்கிருந்து விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கனஅடி நீர் திறக்கப்பட்டது. வழக்கம்போல் பெரும்பகுதி முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்குள் விடப்பட்டது. திருவானைக்காவல் அருகே 1928-இல் கட்டப்பட்டு, 2016-இல் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் அந்த வெள்ளத்தில் சரிந்தன. உச்ச வெள்ளம் கடந்து சில நாள்களுக்குப் பின், ஆகஸ்ட் 22 இரவு, தென் கொள்ளிடத்தின் 45 கண்களில் சில உடைந்தன; மறுநாளுக்குள் உடைந்த மதகுகள் ஒன்பது ஆயின.

இதன் காரணம் பற்றி இருவேறு கருத்துகள் எழுந்தன. 182 ஆண்டு பழமையான கட்டுமானம், நீண்ட நாள் வெள்ளத்தைத் தாங்கவில்லை என்பது அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. கொள்ளிடத்தில் மணல் அள்ளியதே காரணம் என்று உழவர் அமைப்புகளும் சூழலியல் செயற்பாட்டாளர்களும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை என்று நான் கருதவில்லை. மணல் மேல் நிற்கும் ஓர் அணை, தன் கீழ்ப்புறப் படுகையின் மட்டத்தை நம்பியே நிற்கிறது. கீழ்ப்புறப் படுகை தாழ்ந்தால் அங்குள்ள நீர்மட்டமும் தாழும். மேல்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் உள்ள நீர்மட்ட வேறுபாடு கூடும். அந்த வேறுபாடே அடித்தளத்துக்குக் கீழுள்ள மணலின் ஊடாக நீரைத் தள்ளுகிறது. நீரின் விசை கற்றளத்தின் மேல் அடங்காமல், அதைத் தாண்டி வெறும் மணலில் விழுந்து குழி பறிக்கும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது கீழ்ப்புறமும் நிரம்பியிருப்பதால் வேறுபாடு குறைவு. வடியும்போதுதான் அது கூடுகிறது. உச்சத்தைத் தாங்கிய கண்கள் வடியும் நாளில் விழுந்ததை இந்த இயக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டுமானத்தின் வயது முக்கியமே. ஆனால் அது கட்டப்பட்டபோது இருந்த படுகை 2018-இல் அங்கே இருந்ததா என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி.

எடுக்கப்பட்ட முடிவுகளும் விளைவும்

முதல் தேவை, முக்கொம்பில் நீர்மட்டத்தைக் காப்பது. உடைந்த கண்கள் வழியே நீர் கொள்ளிடத்தில் பாய்ந்துகொண்டிருந்தால் காவிரிக்குள் நீர் ஏறாது. கடைமடைக்கு அந்த ஆண்டின் நீர் இன்னும் போய்ச் சேரவில்லை என்று உழவர்கள் பதறிக்கொண்டிருந்த நேரம் அது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் மணல் மூட்டைகளையும் பாறைகளையும் இறக்கி உடைப்பை அடைத்தார்கள். ஓடும் நீரில் இடுப்பளவு நின்று மூட்டை அடுக்கியவர்களின் உழைப்பால் அவ்வாண்டுப் பாசனத்தின் தலைப்பு காப்பாற்றப்பட்டது. பிறகு 387.60 கோடி ரூபாய் மதிப்பில், பழைய அணைக்குச் சற்றுக் கீழே புதிய கதவணை கட்ட முடிவாகி, 2022-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. பழையதைப் பழுது பார்ப்பதற்குப் பதிலாகப் புதியது கட்டியது, அடித்தளத்தின் நிலையை நோக்கச் சரியான தேர்வே.

ஆயினும் கொள்ளிடத்தின் படுகை தன் பழைய மட்டத்துக்குத் திரும்பிவிடவில்லை. 2024-இல் மேட்டூர் மீண்டும் நிரம்பி வெள்ளம் வந்தபோது, திருவானைக்காவல் பாலத்தருகே ஆற்றுக்குள் நின்ற உயரழுத்த மின்கோபுரம் சாய்ந்தது. அரிப்பைத் தடுக்கப் படுகையில் கட்டிய சுவரும் சேதமடைந்தது.

மாற்ற வேண்டியவை

முக்கொம்பில் நீரின் வரத்தும் போக்கும் நாள்தோறும் அளந்து எழுதப்படுகின்றன. படுகையின் மட்டமும் அவ்வாறே எழுதப்பட வேண்டும். மேலணைக்கு மேலும் கீழும், ஒவ்வொரு பாலத்தின் இருபுறமும் நிலையான குறுக்குவெட்டு இடங்களைக் குறித்து, வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் அளந்து, அதை மக்கள் பார்க்கும்படி வைத்தால், படுகை ஓர் அடி தாழ்ந்த ஆண்டிலேயே எச்சரிக்கை கிடைத்துவிடும். தூண் வெளியே தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மணல் எடுக்க அனுமதி தரும் கணக்கும் மாற வேண்டும். படுகையில் எவ்வளவு கிடக்கிறது என்பதை அளவுகோலாகக் கொண்டால், நூற்றாண்டுகளாகச் சேர்ந்த முதலைச் சில ஆண்டுகளில் தின்றுவிடுவோம். மேட்டூருக்கும் முக்கொம்புக்கும் இடையே உள்ள சிற்றாறுகளும் ஓடைகளும் ஓர் ஆண்டில் உண்மையாகக் கொண்டுவரும் புது மணலே அளவுகோலாக வேண்டும். அணைகளுக்குப் பின் அந்த வரவு சிறியது; ஏதோ ஓராண்டு அது வெறுமையாகவும் இருக்கலாம். அந்த ஆண்டில் அனுமதியும் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். அணைகள், பாலங்கள், குடிநீர் உறிஞ்சு கிணறுகள் ஆகியவற்றுக்கு அருகே மணலைத் தொடவே கூடாது.

புதிய கதவணையை இயக்கும் முறையிலும் சிம் காலத்துப் பாடம் இன்னும் பொருந்தும். வெள்ளத்தின் தொடக்கத்தில், மணல் மிகுதியாக நகரும் நாள்களில், எந்தக் கண்களை எவ்வரிசையில் திறப்பது என்பதை நீரின் தேவை மட்டும் தீர்மானிக்காமல், எந்தக் கிளை மேடாகிறது, எது ஆழமாகிறது என்ற அளவீடும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். அதற்கு, பணியில் இருக்கும் லஸ்கர்கள் ஒவ்வொரு பருவத்திலும் கண்டதை எழுதி வைக்க ஒரு பதிவேடு முக்கொம்பிலேயே திறக்கப்பட வேண்டும். ஓய்வுபெற்றவர்களில் இன்னும் நம்மிடையே இருப்பவர்களின் நினைவிலிருந்து அதன் முதல் பக்கங்கள் எழுதப்படலாம்.